பல்பொருள் அங்காடிகளும் மின்வணிகமும்

ஆடை, காலணி, பாத்திரம், அழகுப் பொருள், விளையாட்டுச் சாமான் எனப் பலவகைப் பண்டங்களைத் தனித்தனிப் பிரிவுகளில் வைத்து ஒரே கூரையின்கீழ் விற்கும் நிலையமே பல்பொருள் அங்காடி. இந்தியாவில் இத்துறை கூட்டுறவு வழியிலும் தனியார் வழியிலும் வளர்ந்துள்ளது. மத்திய அரசு ஊழியரின் நலன் கருதி 1963-ல் கேந்திரிய பண்டார் தோன்றியது. மும்பை அந்தேரியில் 1991-ல் ஷாப்பர்ஸ் ஸ்டாப் தன் முதல் கடையைத் திறந்தது. வாடிக்கையாளர் கடைக்கு நேரில் வருவார் என்பதே இத்தகைய நிலையங்கள் அனைத்திற்கும் அடிப்படையாக இருந்தது. இணையவழி விற்பனை இந்த அடிப்படையையே மாற்றிவிட்டது.

மாற்றத்தின் காரணங்கள்

கைபேசியின் பரவலும், 2016-ல் அறிமுகமான யு.பி.ஐ. பணப்பரிமாற்ற முறையும் வீட்டிலிருந்தே பொருள் வாங்குவதை எளிதாக்கின. 2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கின்போது பெரிய கடைகள் மூடப்பட்டன. விற்பனை நின்றபோதும் வாடகை, ஊதியம் போன்ற செலவுகள் நிற்கவில்லை. இணையவழி விற்பனை ஒரு துணைவழி மட்டுமன்று, இன்றியமையாத வழி என்பதை அக்காலம் உணர்த்தியது.

இருப்புக் கணக்கே அடித்தளம்

இணையதளம் ஒன்றை அமைப்பது எளிது. ஆனால் அதில் காட்டப்படும் பொருள் உண்மையில் கையிருப்பில் இருப்பதை உறுதிசெய்வது கடினம். கடைசியாக எஞ்சிய ஒரு சட்டையைக் கடைக்கு வந்த ஒருவர் அணிந்து பார்த்துக்கொண்டிருக்கும் அதே வேளையில், வேறோர் ஊரிலிருப்பவர் அதற்கு இணையத்தில் பணம் செலுத்திவிடக்கூடும். இதைத் தவிர்க்க, எல்லாக் கிளைகளின் இருப்பும் ஒரே கணக்கில் உடனுக்குடன் பதிவாக வேண்டும். சில உருப்படிகளை இணைய விற்பனைக்குக் காட்டாது ஒதுக்கிவைக்கவும் வேண்டும்.

அங்காடியிலுள்ள சரக்கில் ஒரு பகுதி, விற்றபின் பணம் தரும் ஏற்பாட்டில் தயாரிப்பாளர் வைத்திருப்பதாகும். அதன் கணக்கு அங்காடியின் கணக்கோடு இணையாவிட்டால் குழப்பமே மிஞ்சும்.

இக்கணக்கு சீரானால் கிளைகளே கிடங்குகளாகப் பயன்படும். வாடிக்கையாளருக்கு அண்மையிலுள்ள கிளையிலிருந்து பொருளை அனுப்பலாம்; இணையத்தில் வாங்கியதைக் கடையில் பெற்றுக்கொள்ளவும் திருப்பித்தரவும் வசதி செய்யலாம். கடைகள் இல்லாத இணைய நிறுவனங்களுக்கு இவ்வசதி கிட்டுவதில்லை.

ஊழியர் நிலை

ஊழியரின் ஊக்கத்தொகை பெரும்பாலும் அவரவர் பிரிவின் விற்பனையைப் பொறுத்தது. இணைய ஆணைக்காகத் தம் பிரிவிலிருந்து எடுக்கப்படும் பொருள் தம் கணக்கில் சேராதெனில், அதனை விரைந்து எடுத்துத் தர ஊழியர் முன்வரார். எனவே அவ்விற்பனையிலும் அவருக்குப் பங்கு அளிப்பது அவசியம். பொருளைத் தேடியெடுத்தல், சரிபார்த்தல், பொதி கட்டுதல், திரும்பி வந்ததை ஆய்தல் ஆகிய புதிய பணிகளுக்குப் பயிற்சியும் தேவை. பயிற்சியின்றி மாற்றம் வருமாயின், நெடுநாள் உழைத்தவரே முதலில் வேலையிழப்பர்.

சட்டத்தின் நிலை

அயல்நாட்டு நேரடி முதலீடு பெற்ற மின்வணிக நிறுவனம் பிறருக்குச் சந்தை மேடையாக இயங்கலாம். தன் சொந்தச் சரக்கை அங்கு விற்கக் கொள்கை இடந்தருவதில்லை. அத்தகைய முதலீடு பெறாத உள்நாட்டு அங்காடியோ தன் சரக்கைத் தன் தளத்திலேயே விற்கலாம்.

இவ்வுரிமையோடு கடமையும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, மின்வணிக நிறுவனம் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும்; புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும்.

சிறிய அங்காடிகள்

தனித் தளம் அமைக்கும் வசதி சிறிய அங்காடிகளுக்கு இல்லை. பெரிய மேடைகளைச் சார்ந்தால் தரகுக் கட்டணம் ஆதாயத்தைக் குறைக்கிறது. இந்நிலையில், மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறையின் முயற்சியால் 2021 டிசம்பரில் ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வலையமைப்பு நிறுவப்பட்டது. 2022 ஏப்ரலில் டில்லி, பெங்களூரு, போபால், ஷில்லாங், கோயம்புத்தூர் ஆகிய ஐந்து நகரங்களில் இது முன்னோடியாகத் தொடங்கியது. ஒரு செயலியில் பதிவுசெய்த விற்பனையாளரை மற்றொரு செயலியைப் பயன்படுத்தும் நுகர்வோரும் அணுக முடிவதே இதன் சிறப்பு. ஆயினும் சரியான இருப்புக் கணக்கின்றி இவ்வலையமைப்பும் பயன் தராது.

பொருளைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும், பழகிய ஊழியரின் ஆலோசனையும் அங்காடியின் நெடுநாளைய செல்வங்கள். அவற்றைக் கைவிடாமல், கணக்கைச் செம்மைப்படுத்தி, ஊழியரையும் உடன் அழைத்துச் செல்லும் அங்காடிகளுக்கே இம்மாற்றம் வளர்ச்சிக்கு வழியாகும்.