கணனியை வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைப்போம்: கையெழுத்து வைக்குமுன் எல்லோரும் வாசிக்க ஒரு வழி

சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த கூட்டம் இது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கள் காணி விபரங்களைப் பிரதேச செயலகத்துக்கு எழுதிக் கொடுப்பதற்காக வந்திருந்தன. ஒரு தம்பி மடிக்கணனியில் கடிதங்களைத் தட்டெழுதினார். அவரைச் சுற்றி நாற்பது பேர். கணனித் திரையோ ஒரு கொப்பியின் அளவு. பக்கத்தில் நின்ற இருவரைத் தவிர மற்றவர்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. அவர் எழுதினார், அச்சடித்தார், “சரி ஐயா, இதில வையுங்கோ” என்றார். பெரியவர்கள் கையெழுத்து வைத்தார்கள்.

பன்னிரண்டு கடிதங்கள் முடிந்தபின் மண்டபத்தில் இருந்த தொலைக்காட்சியுடன் கணனியை இணைத்தோம். முதலாவது கடிதத்தைப் பெரிய எழுத்தில் போட்டோம். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழும்பினார்.

“பொறு தம்பி, அதில ஆறு பேர்ச் எண்டெல்லோ கிடக்கு. எங்கட காணி ஆறு பரப்பு.”

தம்பி திகைத்துப்போனார். வேறொருவரின் கடிதத்தைப் பிரதிசெய்து பெயரையும் இலக்கத்தையும் மட்டும் மாற்றியிருந்தார். ‘பேர்ச்’ என்ற சொல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பரப்பு 10 பேர்ச். ஆகவே 60 பேர்ச் காணி கடதாசியில் 6 பேர்ச் ஆகியிருந்தது. கையெழுத்து வைத்த ஐயாவைக் கேட்டோம். “எனக்கு என்ன தெரியும் பிள்ளை, தம்பி சரியெண்டான், வைச்சன்” என்றார்.

தம்பி கெட்டவர் அல்லர். களைத்துப்போய் இருந்தார், அவ்வளவுதான். ஒருவர் மட்டும் பார்க்கும் திரையில் ஒருவருடைய கண்தான் காவல். எல்லோரும் பார்க்கும் திரையில் நாற்பது பேரின் கண்கள் காவல். இதனால்தான் கணனியைத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் முறையை இவ்விதழில் பாடமாகத் தருகிறோம். படம் பார்க்கவும் பிள்ளைகள் படிக்கவும் இது உதவும். அதைவிட முக்கியம், நம் பெயரில் எழுதப்படுவதை நாமே வாசிப்பது.

இது புதிய வித்தை அல்ல

வீட்டுக் கணனி பிறந்ததே தொலைக்காட்சியை நம்பித்தான். 1982இல் இங்கிலாந்தில் வந்த சின்கிளேயர் ஸ்பெக்ரம், அமெரிக்காவில் வந்த கொமடோர் 64 ஆகியவை தனித் திரை இல்லாமலே விற்கப்பட்டன. வாங்கியவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் அன்ரனாத் துளையில் வயரைச் செருகி, நிகழ்ச்சி பிடிப்பதுபோல் கணனியின் படத்தைப் பிடித்தார்கள். அதே 1982இல்தான் நமது நாட்டில் ரூபவாஹினி ஆரம்பமானது. இன்று வயரும் துளையும் மாறியிருக்கின்றன. வேலை ஒன்றுதான்.

முதலில் துளைகளைப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன் கணனியின் பக்கத்தையும் தொலைக்காட்சியின் பின்பக்கத்தையும் பாருங்கள். முடியுமானால் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். “ரீவிக்குக் கொழுவுற வயர் ஒண்டு தாங்கோ” என்று மட்டும் கேட்டால் பொருந்தாத வயருக்குக் காசு போய்விடும். பெரும்பாலும் காணப்படுபவை மூன்று வகை:

1. எச்.டி.எம்.ஐ.: மெல்லிய, நீளமான துளை. கீழ்மூலைகள் இரண்டும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். படமும் ஒலியும் ஒரே வயரில் போகும்.

2. வி.ஜி.ஏ.: மூன்று வரிசையில் 15 சிறு துளைகள். பெரும்பாலும் நீல நிறம். இருபுறமும் திருகாணி பூட்டும் இடம் இருக்கும். இதில் படம் மட்டுமே போகும். ஒலிக்கு வேறு வயர் வேண்டும்.

3. ஏ.வி.: மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற வட்டத் துளைகள். பழைய, பின்பக்கம் புடைத்த தொலைக்காட்சிகளில் இருப்பவை. மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு.

எந்த வயர் வேண்டும்?

இரண்டிலும் எச்.டி.எம்.ஐ. இருந்தால் ஒரு வயர் போதும். இரண்டு அல்லது மூன்று மீற்றர் நீளம் மண்டபத்துக்குப் பொருத்தம். விலை கூடிய வயரால் படம் கூடுதல் அழகாக வராது. இந்த வகையில் படம் ஒழுங்காக வந்து சேரும், அல்லது விட்டுவிட்டு வரும், அல்லது வராது.

இரண்டிலும் வி.ஜி.ஏ. இருந்தால் வி.ஜி.ஏ. வயர் ஒன்றும், காதுக் கருவி செருகும் துளையிலிருந்து தொலைக்காட்சிக்குப் போகும் ஒலி வயர் ஒன்றும் வேண்டும். கடிதம் வாசிப்பதற்கு மட்டுமென்றால் ஒலி வயர் தேவையில்லை. ஊசிகள் வளையாதபடி நேராகச் செருகுங்கள்.

பழைய கணனியில் வி.ஜி.ஏ., புதிய தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. என்றால் இடையில் மாற்றிப் பெட்டி ஒன்று வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு முனையும் பொருந்துகிறதே என்று வெறும் வயரை வாங்கினால் படம் வராது. இரு முறைகளும் வேறுவேறு மொழி பேசுபவை, நடுவில் மொழிபெயர்ப்பவர் வேண்டும். அத்துடன் மாற்றிப் பெட்டிக்குத் திசை உண்டு. வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போவது ஒன்று, எதிர்த்திசையில் போவது வேறொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரேமாதிரி இருக்கும். “கணனியில் வி.ஜி.ஏ., ரீவியில் எச்.டி.எம்.ஐ.” என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். பெட்டிக்கு மின்சாரம் தேவை. அதற்குரிய சிறு வயரைக் கணனியின் யு.எஸ்.பி. துளையில் செருகலாம்.

கணனியில் எச்.டி.எம்.ஐ., தொலைக்காட்சி பழைய புடைத்த வகை என்றால் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றும் பெட்டி வேண்டும். அதன் பக்கத்தில் பி.ஏ.எல்., என்.ரி.எஸ்.சி. என்று சிறு ஆளி இருந்தால் பி.ஏ.எல். பக்கம் தள்ளுங்கள். நமது நாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு உரியது அதுவே. மற்றப் பக்கத்தில் விட்டால் படம் நிறமின்றி வரலாம், அல்லது உருளலாம்.

இணைக்கும் ஒழுங்கு

1. கணனியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றுங்கள்.
2. வயரை இரண்டு பக்கமும் செருகுங்கள். எந்தத் துளையில் செருகினீர்கள், 1ஆ 2ஆ என்று நினைவில் வையுங்கள்.
3. தொலைக்காட்சியைப் போடுங்கள். ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்ற பொத்தானை அழுத்தி, வயர் செருகிய துளையைத் தெரிவுசெய்யுங்கள்.
4. கணனியைப் போடுங்கள். அது திறந்தபின் விசைப்பலகையில் விண்டோஸ் அடையாளம் உள்ள விசையைப் பிடித்தபடி ஆங்கில ‘பி’ எழுத்தை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘டுப்ளிகேற்’ என்பதைத் தெரிவுசெய்தால் இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்.
5. ஒலி கணனியிலேயே கேட்டால், திரையின் கீழ்மூலையில் உள்ள ஒலிபெருக்கி அடையாளத்தை அழுத்தித் தொலைக்காட்சியின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள்.

படம் சரியாக வராவிட்டால்

‘நோ சிக்னல்’ என்று காட்டினால் பெரும்பாலும் ‘சோர்ஸ்’ தெரிவு பிழை. அடுத்ததாக வயரைக் கழற்றி மீண்டும் செருகிப் பாருங்கள். மாற்றிப் பெட்டியின் சிறு விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள்.

படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் தொலைக்காட்சியின் பட அளவு ஒழுங்கில் முழுத் திரையும் தெரியும் தெரிவை எடுங்கள். கடிதத்தின் கடைசி வரி மறைந்து கிடக்க விடாதீர்கள்.

தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து வந்தால் வயரைக் குறைசொல்ல வேண்டாம். அது எழுத்துருவின் கோளாறு. பாமினி எழுத்துருவில் எழுதிய கடிதத்தை, பாமினி இல்லாத கணனியில் திறந்தால் இப்படித்தான் வரும். கணனியில் பாமினியைப் போடுங்கள், அல்லது கடிதத்தை யுனிகோட் முறைக்கு மாற்றுங்கள்.

பழைய புடைத்த தொலைக்காட்சியில் சிறிய எழுத்து மங்கும். காலும் ‘ர’வும் ஒன்றுபோலத் தெரியும், 3ஐ 8 என்று வாசித்துவிடுவோம். ஆகவே எழுத்தின் அளவை 28க்குக் கூட்டி, ஒரே தடவையில் ஐந்தாறு வரிகளை மட்டும் காட்டுங்கள். கடைசிக் கதிரையில் இருப்பவர் வாசிக்க முடிந்தால்தான் அளவு சரி.

மின்சாரத்தில் கவனம்

மேசைக் கணனியின் இரும்புப் பெட்டியைத் தொடும்போது விரலில் கூச்சம் போல உணர்ந்தால் அங்கே நில இணைப்பு இல்லை என்று கொள்ளுங்கள். அந்த நிலையில் வயரைச் செருகினால் சிறு பொறி பறந்து கணனியின் துளையோ தொலைக்காட்சியின் துளையோ பழுதாகிவிடலாம். பிளக்கைக் கழற்றியபின் வயரைச் செருகச் சொன்னதன் காரணம் இதுதான். மூன்று முனைப் பிளக்கின் நில முனையை உடைத்தோ, இரண்டு முனை அடப்டர் வைத்தோ பாவிக்காதீர்கள். மின் இணைப்பாளரைக் கொண்டு நில இணைப்பையும் ரிப் சுவிச்சையும் பரிசோதியுங்கள். வயரிலும் பெட்டியிலும் மிச்சம்பிடிக்கலாம், இதில் கூடாது.

பழைய தொலைக்காட்சியின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். உள்ளே இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேல் உருவாகும். நிறுத்திய பின்னும் அது தங்கி நிற்கும்.

ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேர இடிமின்னல் அதிகம். வானம் இருண்டால் கூட்டத்தை நிறுத்தி, பிளக்குகளையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். அன்ரனா வழியாக வரும் மின்னல் தொலைக்காட்சியை மட்டுமல்ல, அதனுடன் இணைத்த கணனியையும் எரிக்கும்.

மின்சாரம் இல்லாத இடத்தில்

1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நமக்குப் பற்றரிக் கணக்குப் புதிதல்ல. 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி பற்றரியில் 1200 வாற்-மணி இருக்கிறது. பற்றரி நீடிக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்கலாம். ஆகவே 600. 32 அங்குல எல்.ஈ.டி. தொலைக்காட்சி சுமார் 50 வாற், மடிக்கணனி சுமார் 40 வாற் எடுக்கும். இன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 110 வாற். 600ஐ 110ஆல் வகுத்தால் ஐந்து மணித்தியாலம். ஒரு கூட்டத்துக்குத் தாராளம். மேசைக் கணனி என்றால் மூன்று மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். பற்றரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். அருகில் விளக்கோ சுருட்டோ வேண்டாம்.

கணனியே இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. தட்டையான தொலைக்காட்சிகள் பலவற்றில் யு.எஸ்.பி. துளை இருக்கிறது. கடிதத்தைக் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படமெடுத்து, பென் டிரைவில் போட்டு அத்துளையில் செருகினால் பெரிதாக வாசிக்கலாம். அங்கேயே திருத்த முடியாது என்பதுதான் குறை.

வாசிப்புக் கூட்டம் நடத்தும் முறை

திரை இருந்தால் மட்டும் பிழை தெரியாது, ஒழுங்காக வாசிக்க வேண்டும். ஒருவர் உரத்து வாசிக்கட்டும், கடிதத்துக்கு உரியவர் ஒவ்வொரு வரிக்கும் “ஓம்” சொல்லட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இதனால் இடம் கிடைக்கும். விசேடமாகக் கவனிக்க வேண்டியவை:

• பெயர், தகப்பன் பெயர், முதலெழுத்து உறுதியில் உள்ளபடி இருக்கிறதா?
• காணியின் பெயரும் நான்கு எல்லைகளும் சரியா?
• அளவு எந்த முறையில் உள்ளது? 1 ஏக்கர் 4 றூட், அதாவது 160 பேர்ச், அதாவது 16 பரப்பு.
• உறுதி அல்லது அனுமதிப்பத்திர இலக்கமும் திகதியும் சரியா?
• இடம்பெயர்ந்த வருடம் சரியா?
• நாம் சொல்லாத எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா?

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கடதாசியும் ஊர் பார்க்க வேண்டியவை அல்ல. வங்கிக் கணக்கு, அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம், குடும்பப் பிரச்சினை ஆகியவற்றைத் திரையில் போடாதீர்கள். அவற்றை உரியவரின் வீட்டிலேயே, வீட்டுத் தொலைக்காட்சியில், அவர் நம்புகிற ஒருவருடன் வாசியுங்கள். கூட்டத்தில் போடும் கடிதத்துக்கும் உரியவரின் சம்மதத்தை முன்கூட்டியே கேளுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன கடிதத்தை அன்றே திருத்தி, ஐயா புதிதாகக் கையெழுத்து வைத்தார். இம்முறை பேனாவை எடுக்குமுன், “கடைசி வரியை இன்னொருக்கா வாசி தம்பி” என்றார். தம்பி வாசித்தார்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. வாசிக்காமல் கையெழுத்து வைத்த அனுபவம் நமக்கு உண்டா? ஏன் வாசிக்கவில்லை?
2. நமது ஊரில் எந்த வீட்டில், எந்த மண்டபத்தில் தொலைக்காட்சி இருக்கிறது? அதன் பின்பக்கத்தில் எந்தத் துளைகள் உள்ளன?
3. வயரும் மாற்றிப் பெட்டியும் சங்கத்துக்குப் பொதுவாக வாங்கினால் யார் பொறுப்பாக வைத்திருப்பது?
4. மண்டபத்தின் நில இணைப்பைப் பரிசோதிக்க யாரை அழைக்கலாம்?