கட்டளை ஒருவரிடம்

அன்புள்ள கயல்,

2024 அக்டோபர் 11 மாலை, ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்ததே, அப்போது அத்தனை ஆம்புலன்ஸ்களும் ஏர்போர்ட்டில் ஏன் சும்மா நின்றன என்று கேட்டிருக்கிறாய். நீ இருக்கும் புதூரிலிருந்து ஏர்போர்ட் பக்கந்தான். உனக்கு அந்தக் கவலை இருப்பது நியாயம்.

அவை சும்மா நிற்கவில்லை, கண்ணு. அழைப்புக்காக நின்றன.

போயிங் 737 ரக விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்துதான் தீர்க்க வேண்டும். அதனால் கீழே இருந்தவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கிடைத்தது. அது அரிய வாய்ப்பு. நெருக்கடி அறிவிப்பு வந்ததும், முன்பே எழுதிவைத்த திட்டப்படி வேலை தொடங்கும். ஓடுபாதையில் முதலில் இறங்குவது விமான நிலையத்தின் சொந்தத் தீயணைப்புப் படை. ஊர்த் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் குறித்த இடத்தில் காத்திருக்கும். கூப்பிட்டால்தான் உள்ளே போகும். உதவ வந்த எல்லாரும் ஒரே வாசலில் பாய்ந்தால், காயம்பட்டவரை ஏற்றிய வண்டிக்கு வெளியே வர வழி ஏது?

1970-இல் கலிஃபோர்னியாவில் காடுகள் பற்றி எரிந்தபோது இதுபோன்ற குழப்பம்தான் நடந்தது. பல துறைகள் வந்தன; ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை, யார் சொல்வதை யார் கேட்பது என்றும் தெரியவில்லை. அதிலிருந்து பிறந்த முறையை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வழிகாட்டியாக வெளியிட்டது. அதன்படி மாவட்டத்தில் பொறுப்பு கலெக்டருக்கு. களத்தை நடத்த ஒரு தளபதி. அவருக்குக் கீழே களப்பணி, திட்டமிடல், பொருள் வழங்கல் என்று பிரிவுகள். ஒருவருக்கு ஒரே மேலதிகாரி. ஒருவர் நேரடியாகக் கவனிப்பது ஏறக்குறைய ஐந்து பேரை. கூட்டம் பெருகினால் இன்னொரு தலைவரைப் போடுவார்கள். தளபதி தண்ணீர்க் குழாயைப் பிடிக்கக் கூடாது. பிடித்துவிட்டால் மற்ற முனைகளைப் பார்க்க ஆளில்லை. கைகட்டி நிற்பதாகத் தெரியும் அந்த மனிதரின் வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானது என்பேன்.

ஆனால் இம்முறைக்கும் எல்லை உண்டு. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீயில் மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்தக் கட்டளையும் வந்து சேர்வதற்குள் கூரைப் பந்தல் எரிந்துவிடும். அந்த முதல் சில நிமிடங்களில் கைகொடுப்பவை அகலமான படியும் திறந்த கதவும்தான்.

உன் பள்ளியில் அடுத்த தீயணைப்பு ஒத்திகை நடக்கும்போது, யார் யாருக்குத் தகவல் சொல்கிறார்கள் என்று பார்த்து வை. கதவுகள் பூட்டியிருந்தால் அதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா