தருமி வரட்டும், தாட்சாயணி பிறகு

அன்புள்ள கயல்,

நவராத்திரி விடுமுறையில் தெருப் பிள்ளைகளுக்கு 'திருவிளையாடல்' போடலாமா, 'அம்மன்' போடலாமா என்று கேட்டிருந்தாய். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரும் வருவார்களாம். சாமி படம்தானே என்று போட்டுவிடாமல் ஒரு வார்த்தை கேட்டாயே, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதுப் படமென்றால் தணிக்கைச் சான்றிதழ் கொஞ்சம் கைகொடுக்கும். 2024 முதல் 'யுஏ' சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பழைய படங்களை நீதான் முன்கூட்டித் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரத்தம் வருகிறதா என்று மட்டும் பார்க்காதே. அன்று ராத்திரி விளக்கை அணைத்ததும் பிள்ளை சாமியை நினைத்து நிம்மதியாகத் தூங்குமா, போர்வைக்குள் ஒடுங்குமா? நான் பார்ப்பது அதைத்தான்.

ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) அமைப்பே பிள்ளைகளுக்கு ஏற்றது. பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிவிட்ட மகனைச் சமாதானப்படுத்த, தாய் பார்வதி சொல்லும் கதைகள்தான் படம். தருமியாக வரும் நாகேஷ் தனியே நின்று புலம்புகிறாரே, அந்த இடத்தைக் கவனி. ஆயிரம் பொன்னுக்கு ஆசை, பாட்டெழுதவோ வராது. அப்படிப்பட்டவனுக்கும் இறைவன் புலவராக வந்து பாட்டெழுதித் தருகிறார். சின்னஞ்சிறுசுகளும் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அடுத்த கதை தாட்சாயணியுடையது. அதைச் சின்னவர்களுக்குப் போடாதே. பேச்சை மீறித் தகப்பன் நடத்தும் யாகத்துக்குப் போய், அவமானப்பட்டுத் திரும்பும் மனைவியைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கிறார். பிறகு உயிர் கொடுத்துவிடுகிறார், வாஸ்தவம். ஆனால் அப்பா அம்மா குரல் உயர்ந்தாலே மிரளுகிற குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அந்த நெருப்பைவிட, அதற்கு முன் நடக்கும் வாக்குவாதம் ஆழமாகத் தைக்கும். சிவாஜியும் சாவித்திரியும் அத்தனை உண்மையாக நடித்திருக்கிறார்கள்.

'அம்மன்' தெலுங்கில் 1995-இல் 'அம்மோரு' என்று வந்த படம். அம்மன் சிறுமியாக வரும் பகுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். மற்றபடி மருமகளைத் தீர்த்துக்கட்டப் பார்க்கும் சொந்தங்கள், மந்திரவாதி, கடைசியில் வதம். கெட்டவனை அம்மன்தானே தண்டிக்கிறாள் என்பார்கள். தண்டனை கடைசியில்தான் வருகிறது. அதுவரை அந்தப் பெண் படும் பாட்டைத்தானே குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது! உன் கூட்டத்துக்கு அது வேண்டாம்.

ஆகவே தருமி கதை போதும். இறைவன் எழுதித் தந்த பாட்டில் குற்றம் சொன்ன புலவர் நக்கீரர் நெற்றிக்கண்ணில் வெந்து விழும்போது, "அவர் சரியாத்தானே சொன்னாரு, சாமி ஏன் எரிச்சாரு?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். சாமியைக் குறை சொல்லாதே என்று அதட்டிவிடாதே. துணிந்து கேட்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். நக்கீரர் எழுந்து வரும்வரை பார்த்துவிட்டு, படத்தை நிறுத்தி அவர்களையே பேசவிடு. அதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கி வை. சுண்டலை அப்போது கொடுக்கலாம்.

அன்புடன்,
அத்தை