ஒரு வாரத்து மழையை முன்கூட்டி அறிதல்

ஒக்டோபர் பிறந்தால் அரியாலைப் பக்கம் வயல் செய்பவர்களிடம் ஒரே கேள்விதான்: மழை எப்போது, எவ்வளவு? சொந்த ஊரில் இருந்தபோது ஒவ்வொருவரிடமும் இதற்கு ஓர் அடையாளம் இருந்தது. இந்தப் பனங்கூடலுக்குப் பின்னால் கறுத்தால் மழை, அந்த வாய்க்கால் முட்டினால் வயலுக்கு ஆபத்து என்று அறிந்திருந்தோம். இடம்பெயர்ந்து வந்து பிறரது காணியைக் குத்தகைக்குச் செய்யும்போது அந்த அடையாளங்கள் கூட வருவதில்லை. விதைநெல்லும் கடன், உழவுகூலியும் கடன். ஆகவே வானிலை எதிர்வுகூறலை வாசிக்கப் பழகுவது எமக்கு அவசியம்.

வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் அறிவிப்பு வெளியிடுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா அவர்களும் வடக்கு, கிழக்குக்குரிய எதிர்வுகூறல்களைத் தமிழில் விளக்கத்துடன் தந்து வருகிறார். எம்மில் பலர் அதில் மழையின் அளவை மட்டும் பார்த்துவிட்டு, காரணத்தை வாசிக்காமல் விடுகிறோம். காரணத்தை வாசிப்பதே மேல்.

எமது மாரி மழைக்குப் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வரும் மேற்காவுகை மழை. காலை வெயில் நிலத்தைச் சுட, ஈரக்காற்று சூடாகி மேலெழுந்து குளிர்ந்து, பின்னேரத்தில் இடியுடன் கொட்டும். நாவற்குழியில் வெள்ளம் ஓட, அரியாலையில் ஒரு துளியும் விழாதிருக்கும். அறிவிப்பில் 'சில இடங்களில்' என்று சொல்வது இதனால்தான். அந்த இடம் எது என்று ஒரு வாரம் முன்னர் எவராலும் சொல்ல முடியாது. பெய்யாவிட்டால் அறிவிப்புப் பொய் என்று சொல்வது நியாயமில்லை.

மற்றது, வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கம். சூடான கடலின்மேல் காற்று எழும்ப, அங்கே அமுக்கம் குறைந்து, சுற்றிலுமிருந்து ஈரக்காற்று வந்து சேரும். பூமி சுழல்வதனால் எமது பக்கத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். இதிலிருந்து ஒரு பயனுள்ள கணக்கு உண்டு. ஒல்லாந்து விஞ்ஞானி பைஸ் பலட் 1857 இல் எடுத்துச் சொன்னது: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழமுக்கம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வாடை பலத்து வீசும்போது நின்று பாருங்கள். இடக்கை தென்கிழக்குக் கடலைக் காட்டும். தாழமுக்கம் மன்னார்ப் பக்கம் போய்விட்டால் காற்று தென்கிழக்கிலிருந்து வீசும்.

பழைய அடையாளங்களையும் தள்ளிவிட வேண்டியதில்லை. 'அகல் வட்டம் பகல் மழை' என்பார்கள். நிலாவைச் சுற்றிய அகன்ற வட்டம் மிக உயரத்து முகில்களிலுள்ள பனித்துகள்களால் உண்டாவது. தாழமுக்கத்துக்கு முன்னோடியாக அந்த முகில்கள் பரவுவதுண்டு. ஆனால் எவ்வளவு மழை, எத்தனை நாள் என்பதை வட்டம் சொல்லாது.

இனி, ஏழு நாளையும் ஒரே அளவு நம்பலாமா? முதல் இரண்டு மூன்று நாள்களை நம்பி வேலை செய்யலாம். நான்காம், ஐந்தாம் நாள்கள் மாறக்கூடும். ஆறாம், ஏழாம் நாள்களுக்கு மழைப்பாடா வெயிற்பாடா என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 75 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தாலும் அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். கணினி இன்றைய காற்று, வெப்பம், ஈரப்பதன் ஆகியவற்றைக் கொண்டு நாளையைக் கணிக்கிறது. நாளையைக் கொண்டு மறுநாளை. இன்றைய அளவீட்டிலுள்ள சிறு வித்தியாசம் ஏழாம் நாளில் பெரிதாகிவிடும்.

2020 டிசெம்பர் 2 ஆந் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரை கடந்தது. கரை கடந்தால் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவது வழக்கம். ஆனால் அது மன்னார் வளைகுடாவுக்குப் போய், வலுக்குறைந்து, அங்கேயே தங்கி நின்றது. தள்ளிச் செல்ல மேற்காற்றில் வலுவில்லை. அதனால் மழையும் நீடித்தது. தாழமுக்கம் எங்கே போகும் என்பதைவிட எவ்வளவு நேரம் தங்கும் என்பதைச் சொல்வது கடினம்.

எனவே வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். வாய்க்கால் துப்புரவு செய்தல், வரம்பு கட்டுதல், வைக்கோலையும் விதைவெங்காயத்தையும் மேட்டில் வைத்து மூடுதல் ஆகியவை மழை வராவிட்டாலும் நட்டமில்லாத வேலைகள். இவற்றை ஏழு நாள் அறிவிப்பைக் கேட்டவுடனேயே தொடங்கலாம். விதைத்தல், யூரியா எறிதல், மருந்தடித்தல், கதிர் அறுத்தல் ஆகியவை செய்தால் திருப்ப முடியாதவை. இவற்றுக்கு முந்திய நாளின் புதிய அறிவிப்பையும் பார்க்க வேண்டும். பெருமழைக்கு முன் எறிந்த யூரியா, எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்றுக்கே போய்ச் சேரும். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

அளவையும் நீராகக் கணக்குப் பார்க்கலாம். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்றால் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 40 மில்லிமீற்றர் மழை அதில் 10,000 லீற்றரைக் கொட்டும். 2008 நவம்பர் 25 இல் நிஷா சூறாவளியின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் பெய்தது ஏறத்தாழ 390 மில்லிமீற்றர். பரப்புக்கு ஓர் இலட்சம் லீற்றருக்குக் கிட்ட! நீரேரியோரத் தாழ்ந்த வயலில், நீரேரி மட்டமும் உயர்ந்துவிட்டால் அது வடிய இடமேது? குத்தகைக்குக் காணி எடுக்கும் முன், அந்த வருடம் அங்கே எவ்வளவு வெள்ளம் நின்றது என்று அயலவரிடம் கேளுங்கள்.

வீட்டில் மழை அளக்கக் காசு வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமான வெறும் பால்மாப் பேணி ஒன்றை, மரநிழல் இல்லாத இடத்தில் கட்டையில் கட்டி நிமிர்த்தி வையுங்கள். காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தை விட்டு நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து, நாட்காட்டியில் குறித்துவிட்டு நீரை ஊற்றிவிடுங்கள். பக்கத்தில், அறிவிப்பில் சொன்ன அளவையும் எழுதுங்கள். ஒரு மாரி முழுவதும் எழுதினால், நீங்கள் இருக்கும் புதிய இடத்துக்கு அந்த அறிவிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பது தெரிந்துவிடும்.