பதவிப் பட்டியலை ஓரம் வை, தம்பி

அன்புத் தம்பிக்கு,

வில்லியம் ஸ்லிம் பற்றி நீ அனுப்பிய முதல் அத்தியாயம் கிடைத்தது. நிறைய உழைத்திருக்கிறாய். ஆனால் 1914-இல் இரண்டாம் லெப்டினன்ட், 1948-இல் பிரிட்டிஷ் தரைப்படையின் தலைவர், 1953-இல் ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல் என்று ஏணி ஏற்றிக்கொண்டே போகிறாய். அரசாணை படிக்கிற மாதிரி இருக்கிறது. ராணுவத் தளபதியை எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பணத்தைக் கவனி. இரும்புச் சாமான் வியாபாரியின் மகன்; பர்மிங்ஹாமில் வாத்தியாராகவும் குமாஸ்தாவாகவும் வேலை பார்த்தவர். அன்றைய பிரிட்டிஷ் ரெஜிமெண்டில் அதிகாரியாகக் காலம் தள்ளச் சொந்தச் சொத்து வேண்டும். இவர் இந்திய ராணுவத்துக்கு வந்து கூர்க்கா படையில் சேர்ந்ததில் அதற்கும் பங்குண்டு. அப்படியும் சம்பளம் பற்றாமல் ஆண்டனி மில்ஸ் என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார். (நம் தொழில்காரர்தான், பார்!) இதை நீ அடிக்குறிப்பில் போட்டிருக்கிறாய். மேலே கொண்டு வா.

அடுத்தது கலாபாத். 1940 நவம்பரில், சூடான் எல்லையில் ஒரு கோட்டையைப் பிடித்தார். இத்தாலிய விமானங்களின் குண்டுவீச்சில் நிற்க முடியாமல் பின்வாங்கினார். துணிந்திருக்க வேண்டிய நேரத்தில் தயங்கிவிட்டேன் என்று பிற்பாடு தம் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். தம் தவறை இப்படி அச்சில் ஏற்றிய தளபதிகள் அபூர்வம். நீயோ ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டாய்.

எனக்கென்னவோ இவருடைய பெரிய போர் கொசுவோடு நடந்தது என்றே படுகிறது. 1943-இல் பர்மா முனையில் காயம்பட்டு வெளியேற்றப்பட்டவர் ஒருவர் என்றால், நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாவைத் தடுக்க மெபாக்ரின் மாத்திரை இருந்தது. தின்றால் உடம்பு மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு. சிப்பாய்கள் தின்னவில்லை. ஸ்லிம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பிரிவை நிறுத்தி ஆள் தவறாமல் பரிசோதிக்கச் செய்தார். நூற்றுக்கு 95 பேர் உடம்பிலாவது மருந்து இருக்கவில்லையென்றால் அந்தப் பிரிவின் கட்டளை அதிகாரிக்கு வேலை போகும். மூன்று பேருக்குப் போனது. அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்னணிப் படை அரை ரேஷனில் இருந்தால் தம் தலைமையகத்துக்கும் அரை ரேஷன்தான் என்று வைத்தவரும் இவரே. பர்மாவின் மெய்க்டிலா நகரைப் பிடித்த வியூகத்துக்கு நீ ஒதுக்கிய பக்கங்களில் கொஞ்சத்தை இதற்குக் கொடு.

ஜப்பானியர் முன்னேற, 1942-இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியதை எழுதும்போது படையை மட்டும் பார்க்காதே. சுமார் 900 மைல் அவர் படை பின்வாங்கியது. அதே காலத்தில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு நடந்தே வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், போய்க் கேள். நேதாஜியின் படையில் மலேயாத் தமிழர்கள் சேர்ந்திருந்ததால், ஸ்லிம் அந்தப் படையை எப்படிப் பார்த்தார் என்று நம் வாசகன் கட்டாயம் கேட்பான். ஏளனமாகத்தான் பார்த்தார். அதைப் பூசி மெழுகாதே. அதற்காக அவரைக் கூண்டில் ஏற்றி வழக்காடவும் வேண்டாம்.

கடைசியாக 1945 மே. ரங்கூன் கைக்கு வந்த கையோடு, மேலதிகாரி ஆலிவர் லீஸ் இவரை, இவர் தலைமை தாங்கிய பதினான்காம் படையிலிருந்து நகர்த்தப் பார்த்தார். படைக்குள் கொந்தளிப்பு. முடிவில் வேலை போனது லீஸுக்கு. அவர் நாற்காலிக்கு வந்தது ஸ்லிம். உன் பட்டியலில் இது "பதவி உயர்வு, 1945" என்று மட்டும் இருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு, அந்தச் சில வாரங்களை முழு அத்தியாயமாக எழுதி அனுப்பு. பொங்கலுக்குள் வந்தால் உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்