தம்பிக்குப் பதினெட்டு ஆகுமுன்

மண்ணரை

அன்புள்ள அம்முணிக்கு,

மாமா எழுதுகிறேன். ஷிப்மெண்ட் நெருக்கத்தில் நீயும் மாப்பிள்ளையும் நைட் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் கடிதம் போடுகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள்.

உன் சின்னவன், நம்ம தம்பிக்கு வருகிற தையில் 18 முடிகிறது. அதற்கு மறுநாளும் நீதான் சோறு ஊட்டுவாய், சட்டை மாட்டிவிடுவாய். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவன் மேஜர். தாய் தகப்பன் என்கிற உரிமையில் இதுவரை அவனுக்காகப் போட்ட கையெழுத்து இனி பேங்கிலும் ரிஜிஸ்தர் ஆபீசிலும் செல்லாது. பெற்ற பிள்ளைக்கு எதற்கு ஆர்டர் வாங்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். வாங்கத்தான் வேண்டும்.

1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18-க்குப் பிறகும் சட்டப்படி ஒரு கார்டியனை நியமிக்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவே ஆர்டர் போடும். பல்லடம் ரோடு கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மனு எழுதும் முறையைச் சொல்வார்கள். அதே சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்று ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. போன கையோடு அதையும் கேள்.

"எங்களுக்குப் பின்னால பெரியவன் பார்த்துக்குவான் மாமா" என்று சொன்னாய். அவன் தங்கமான பையன். அந்த மனசை நான் சந்தேகப்படவில்லை, காலத்தைத்தான் நம்பவில்லை. 2011-இல் கோர்ட் உத்தரவில் நம்ம ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடினபோது, மனசு இருந்தும் கையில் காசில்லாமல் எத்தனை பேர் நின்றார்கள் என்று நீயே பார்த்தாய். கார்டியன் ஆர்டர் வாங்கினவர் ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் குழு அவரை மாற்றலாம். இது பெரியவனுக்கும் காவல்தான். தம்பி சொத்தைத் தின்றான் என்று நாளைக்கு எவனும் அவனைச் சொல்ல முடியாது. முதலில் நீயும் மாப்பிள்ளையும் கார்டியனாக இருங்கள். உங்களுக்குப் பின்னால் யார் என்பதை இப்போதே அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். உயிலிலும் தம்பியின் பங்கைத் தனியாக எழுதி, அதை யார் கையில் வைத்து எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று போடுங்கள். சொத்தில் பங்கு வராத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. மனசு மாறினால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

இன்னொன்று, பி.எஃப். விஷயம். கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் போனால் சனிக்கிழமை கையில் நாலு காசு கூட வரும் என்று மாப்பிள்ளை கம்பெனி மாறப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். பி.எஃப். பிடிக்காத இடம் வேண்டாம் என்று சொல். பி.எஃப்.போடு சேர்ந்த 1995-ஆம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்தில், உறுப்பினர் இறந்துபோனால் மற்றப் பிள்ளைகளுக்கு 25 வயதோடு பென்ஷன் நின்றுவிடும். நிரந்தரமாக, முழுமையாக இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்க வரும். தொகை பெரிதில்லை. ஆனால் நீங்கள் இல்லாத காலத்திலும் நிற்காமல் வருகிற பணம் அது. நாமினேஷனில் குடும்பத்தார் பெயர் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்.

உங்கம்மா விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வீட்டை இப்போதே உன் கூடப்பிறந்த தம்பி பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அக்கா நினைக்கிறாள். நான் தடுத்தால் பொல்லாப்பு. நீ சொன்னால் கேட்பாள். 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தை ரத்து செய்யலாம். நாகப்பட்டினத்தில் ஒரு மூதாட்டி மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மகனும் இறந்துபோய், மருமகளும் கவனிக்கவில்லை. ஆர்.டி.ஓ. ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சரி என்றது. பத்திரத்தில் நிபந்தனை இல்லாவிட்டாலும் பாசத்தை நம்பித்தானே எழுதினார் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் 2022-இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், நிபந்தனை இருந்ததைக் காட்டியே ஆக வேண்டும் என்றது. இந்த வயதில் அக்கா இந்த வாதத்துக்கெல்லாம் கோர்ட் படியேறுவாளா? எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், சாகிறவரைக்கும் அந்த வீட்டில் குடியிருக்கவும் லைன் வீட்டு வாடகையை வாங்கிக்கொள்ளவும் தனக்கு உரிமை உண்டு, பராமரிக்காவிட்டால் பத்திரம் ரத்து என்று அதிலேயே எழுதச் சொல். உயிலோடு நிறுத்தினால் இன்னும் நிம்மதி.

ஷிப்மெண்ட் முடிந்ததும் ஒரு திங்கட்கிழமை லீவு சொல்லிவிடு. தம்பியின் ஆதார், மாற்றுத்திறனாளி அட்டை, டாக்டர் சர்ட்டிபிகேட், பேங்க் புத்தகம், உங்கள் இரண்டு பேர் ஆதார் எல்லாவற்றிலும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வை. மாமா கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா