கடற்கரைக் காற்றும் நம்ம கடையும்: ஒரு கோடைக்காலப் பாடம்



சித்திரை பிறந்துவிட்டால் சென்னை மக்களுக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மெரினாவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் திருவிழாக் கூட்டம்தான். காரணம் என்ன? பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் உள்ள சூடான காற்று மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. காற்று வாங்க வந்தவங்க வெறும் வாயோடு திரும்புவாங்களா? தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தை, வறுத்த மீன், கரும்புச்சாறு, எலுமிச்சை சோடா, மோர் என்று எல்லாமே விற்கும்.

கோடையில் குளிர்ச்சியாகக் குடிக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. மெரினா எதிரில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்துக்குப் பழைய பேர் ஐஸ் ஹவுஸ். 1842இல் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து அங்கேதான் வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஐஸ் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஆனால் எல்லா ஐஸும் வாயில் போடுகிற ஐஸ் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2024 டிசம்பரில் மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழா நடந்தது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து "நாமும் கடற்கரையில் கடை போடலாமா சார்?" என்று பல குழுக்களில் கேட்கிறீர்கள். போடலாம். அதற்கு முன்னால் நம் பகுதிக் குழு ஒன்றின் அனுபவத்தைப் படியுங்கள்.

மூன்று பேர், மூன்று நாள்

அந்தக் குழுவிலிருந்து மூன்று பேர், 6,000 ரூபாய் உள்கடன் வாங்கி, கோடையில் சென்னைக் கடற்கரை ஒன்றில் நடந்த மூன்று நாள் விற்பனைக்கு வந்தார்கள். சுண்டலும் மோரும் போட்டார்கள். முதல் நாள் நல்ல விற்பனை. இரண்டாம் நாள் மேற்குக் காற்று பலமாக அடித்தது. கடற்காற்று உள்ளே வர ராத்திரி ஆகிவிட்டது. கூட்டமும் குறைந்துவிட்டது. ஒன்பதரை மணிக்குப் பார்த்தால் நாலு கிலோ சுண்டலும் அரை வாளி மோரும் மிச்சம்.

ஒரு தங்கச்சி சொன்னாங்க: "அக்கா, நாளைக்கு இதைச் சூடு பண்ணி, கொஞ்சம் மாங்கா கூடப் போட்டு வித்துடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

ஊக்குநர் அக்கா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னாங்க: "வயித்தால போனா நம்ம மூணு பேரு பேரைச் சொல்ல மாட்டாங்க. மகளிர் குழு கடைன்னுதான் சொல்லுவாங்க. ஊரு பூரா இருக்கிற குழுவுக்கும் நாமதான் பதில் சொல்லணும்."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், உடனே கொட்டுங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த 6,000 ரூபாய் கடன்தான் கண் முன்னால் நின்றது. அக்காதான் முடிவு எடுத்தாங்க. அத்தனையையும் கொட்டினோம்.

ஏன் கொட்டியது சரி?

கெட்டுப்போக வைக்கும் கிருமிகள் 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூட்டில் வேகமாகப் பெருகும். கோடைச் சாயங்காலம் அவற்றுக்கு வசதியான நேரம். சில கிருமிகள் 20 நிமிடத்தில் இரண்டு மடங்காகும். ஒரு கிருமி இருந்தால் இரண்டு மணி நேரத்தில் 64, நாலு மணி நேரத்தில் 4,096. நாக்குக்குப் புளிப்பு தெரியும் முன்பே உணவு கெட்டிருக்கலாம். மறுநாள் சூடு பண்ணினால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு சூட்டில் அழியாது. தேங்காய் சேர்த்த சுண்டல் இன்னும் சீக்கிரம் கெடும்.

மூன்றாம் நாள் அவர்கள் செய்த மாற்றம் இதுதான்: பாதியளவு மட்டும் வேகவைத்து மூடிச் சூடாக வைத்தார்கள். தேங்காயையும் மாங்காயையும் விற்கும்போது மட்டும் கலந்தார்கள். பட்டாணி தீரத் தீர அடுத்த ஈடு வைத்தார்கள். எதுவும் மிச்சமாகவில்லை.

கடை போடுகிறவர்கள் மறக்கக் கூடாதவை

1. தண்ணீர்: மோருக்கும் சாறுக்கும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான். குவளையை வாளிக்குள் விடாதீர்கள், குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள்.

2. ஐஸ்: மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் விலை குறைவாகக் கிடைக்கும். அதை வாங்கவே வாங்காதீர்கள். சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் உத்தரவு வந்தது. நிறம் இல்லை என்பதற்காக நல்ல ஐஸ் என்றும் நம்ப வேண்டாம். எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் மண்பானையே போதும்.

3. எண்ணெய்: கறுத்துப்போய், புகைந்து, நுரை கட்டும் எண்ணெயில் பஜ்ஜி போடக் கூடாது.

4. பொட்டலம்: செய்தித்தாளின் அச்சு மை எண்ணெய்ப் பண்டத்தில் ஒட்டும். வாழை இலை, மந்தாரை இலை, தொன்னை பயன்படுத்துங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை.

5. இடம்: கடற்கரை பொது இடம்தானே என்று நினைத்த இடத்தில் கடை போட முடியாது, மாநகராட்சி அனுமதி வேண்டும். 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

6. நம்ம உடம்பு: ஊருக்கெல்லாம் மோர் ஊற்றிய நம் மூன்று பேரும் முதல் நாள் தண்ணீரே குடிக்கவில்லை. "கழிப்பறை ரொம்ப தூரம் சார், அதான்" என்றார்கள். ஒருவருக்கு மறுநாள் நீர்க்கடுப்பு வந்துவிட்டது. கடைக்கு இடம் பார்க்கும்போதே கழிப்பறை எங்கே என்று பாருங்கள். முறை போட்டுக்கொண்டு போய் வாருங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடியுங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

மூன்று நாள் விற்பனை: 3,900 + 2,100 + 3,500 = 9,500 ரூபாய். பொருள், கேஸ், தொன்னை, பேருந்துச் செலவு: 2,700 + 2,700 + 2,000 = 7,400 ரூபாய். மீதி 2,100. உள்கடன் வட்டி 60 போக 2,040.

"சார், ரெண்டாயிரம் லாபம்!" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். மூன்று பேர், மூன்று நாள், ஆக ஒன்பது ஆள் உழைப்பு. வகுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 227 ரூபாய். ஊரில் களை எடுக்கப் போயிருந்தால்கூட இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். நம் கூலியையும் செலவில் எழுதிய பிறகு மிஞ்சுவதுதான் லாபம். நாம் அதை எழுதுவதே இல்லை.

அப்படியென்றால் போக வேண்டாமா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தக் குழு மறுபடியும் போகத் தீர்மானம் போட்டிருக்கிறது. ஆனால் இந்த முறை கூலி சேர்த்துக் கணக்குப் போட்டு, சின்ன அடுப்போடு.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. மிஞ்சிய சுண்டலைக் கொட்டியதில் வந்த நஷ்டத்தை மூன்று பேர் மட்டும் தாங்குவதா, குழுவும் பங்கு எடுப்பதா?

2. நம் ஊர்த் திருவிழாவில் கடை போட்டால் நல்ல தண்ணீர் எங்கிருந்து கொண்டுவருவோம்?

3. உங்கள் ஒரு நாள் உழைப்புக்கு நீங்களே என்ன கூலி போடுவீர்கள்?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டார ஒருங்கிணைப்பாளர்